கத்தியும் கணக்கேடும்

மாந்தர்க்கு வாய்த்த செல்வங்களுள், உள்ளபோது நினைக்கப்படாததும் இழந்தபோது மறக்கவொண்ணாததும் ஆகிய செல்வம் ஒன்று உண்டு. அது நடை. பொருளிழந்தார் மீண்டும் ஈட்டுவர். நடையிழந்தாரோ தம் வீட்டு முற்றத்தையே அயலூராகக் காண்பர். பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து, கிணற்றடிக்கும் கழனிக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் செல்லவல்லவன் எவனோ அவனே தன்னுரிமை உடையவன் என்று கூறின் அது மிகையாகாது.

வத்தலக்குண்டு ஈன்ற மக்களுள் சுப்பிரமணிய சிவா ஒருவர். 1884-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்து, தேசத் தொண்டிற் சிறைபுகுந்து, தொழுநோயோடு வெளிப்போந்த அவர், புகைவண்டியில் ஏறுதலும் தடுக்கப்பெற்ற நிலையில், நோயுற்ற காலோடு ஊர் ஊராக நடந்து சென்றார் என்பதைத் தமிழ்நாடு அறியும். நடை என்பது உடம்பின் தொழில் மட்டுமன்று, மனிதனது மானமும் ஆகும் என்பதற்கு அவ்வூர் தந்த சான்று அது.

அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் முதியோர் ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் கழுத்து முறிந்தாராயின், முற்காலத்தே அவர் கதி யாதாக இருந்தது? கட்டிலே அவர்க்கு உலகம். படுக்கைப்புண்ணும் மார்ச்சளியும் தொடர்ந்து வந்து, ஆண்டொன்று நிரம்புமுன் அவரைக் கொண்டு செல்லுதல் பெருவழக்காக இருந்தது. இன்று அந்நிலை மாறிவருகின்றது. மதுரையில் அரசினர் இராசாசி மருத்துவமனை உண்டு. திண்டுக்கல்லில் 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. 2012-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், பழுதுற்ற இடுப்பு மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டு வைக்கும் இரண சிகிச்சை ஏழையர்க்கும் கிட்டுகின்றது. செல்வர்க்கே உரியதாக இருந்த ஒரு சிகிச்சை குடியானவனுக்கும் உரியதாயிற்று. இது போற்றத்தக்கதே.

ஆயினும், போற்றியபின் ஒரு வினாவை எழுப்புதல் கற்றோர் கடன். வைத்த மூட்டு எத்தனை ஆண்டு நிற்கும்? யாருக்கு நின்றது, யாருக்குத் தளர்ந்தது, எந்த வகை மூட்டு முன்னதாகப் பழுதுற்றது? இவ்வினாக்களுக்கு விடை தருவது கத்தியன்று, கணக்கேடு. இரண வைத்தியரின் ஆராய்ச்சி சிகிச்சை மேடையில் முடிவதன்று. பிணியாளர் எழுந்து நடந்து திரியும் இருபது ஆண்டுகளின் ஈற்றில் முடிவது. நம் நாட்டில் கத்தி வளர்ந்த அளவிற்குக் கணக்கேடு வளரவில்லை என்பதும், அதனை வளர்த்தல் கல்லூரியிற் பயின்ற நம்மனோர்க்கும் உரிய பணியே என்பதும் யாம் ஈண்டுக் கூறப்புகுந்த கருத்து.

முதற்கண், மூட்டின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தொடையெலும்பின் தலை பந்து போன்றது. இடுப்பெலும்பில் அதனை ஏற்கும் குழி கிண்ணம் போன்றது. இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு படிந்துள்ளது. நாம் நடக்கும்போது அம்மூட்டின்மேல் விழும் பாரம் நம் உடல் எடையினும் ஏறத்தாழ இரண்டரை, மூன்று மடங்கு. ஓராண்டில் ஒவ்வோர் இடுப்பு மூட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் தடவை இங்ஙனம் பாரம் தாங்குகின்றது. எந்தச் செக்கும் எந்த வண்டி அச்சும் இத்துணை உழைப்பை எண்ணெயிடாமற் செய்யக் கண்டாரில்லை. இத்தகைய மூட்டுக்கு ஈடாக ஒன்றை மனிதன் செய்து உடம்பினுள் வைப்பதாயின், இரண்டு இடர்களை அவன் வெல்லவேண்டும். ஒன்று, தேய்வு, மற்றொன்று, பற்று. அதாவது, பந்தும் கிண்ணமும் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாதிருத்தல் வேண்டும். அவை எலும்போடு அசையாது பற்றி நிற்றலும் வேண்டும்.

இவ்விடர்களோடு போராடினோர் பலர். 1890-ஆம் ஆண்டையொட்டிப் பெர்லின் நகரத்துத் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்பார் யானைத் தந்தத்தாற் செய்த மூட்டுக்களை வைத்துப் பார்த்தார். க்ஷயம் பற்றிய மூட்டுக்களாதலின் சீழ்கொண்டு அவை பயனிழந்தன. போஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன் 1923-இல் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பந்தின்மேற் கவிழ்த்தார், கண்ணாடி உடைந்தது, பின்னர் உலோகக் கிண்ணத்திற்கு மாறினார். 1938-இல் இலண்டன் நகரத்துப் பிலிப் வைல்ஸ் என்பார் பந்து, கிண்ணம் இரண்டனையும் எஃகினாற் செய்து திருகாணியால் முடுக்கினார், அவை நிலைபெறவில்லை. 1946-இல் பாரிஸ் நகரத்து ஜூடே உடன்பிறப்பினர் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாற் பந்து செய்தனர். முதலில் வியந்து போற்றப்பெற்ற அது சில ஆண்டுகளிற் தேய்ந்தும் முறிந்தும் போயிற்று. ஒவ்வொருவரும் அறிவிற் சிறந்தோரே. கைத்திறனிற் குறைந்தோர் அல்லர். எனினும் தேய்வும் பற்றும் அவர்களை வென்றன.

இவ்வரிசையிற் பின்னர் வந்து வெற்றி கண்டவர் ஜான் சார்ன்லி. 1911-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் நாட்டுப் பரி என்னும் ஊரிற் பிறந்தவர். அவர் ஆராய்ச்சிக்குக் காரணமாயது ஒரு கிறீச்சொலி. ஜூடே பந்து வைக்கப்பெற்ற ஒருவர், தாம் அசையுந்தோறும் இடுப்பு கிறீச்சிடுவதாகவும், அவ்வொலி பொறுக்காமல் மனைவி தம்மை விட்டு விலகியிருப்பதாகவும் முறையிட்டார். பிறர் கேட்டு நகைத்திருப்பர். சார்ன்லியோ, அவ்வொலி உராய்வின் குரல் என்று உணர்ந்தார். விலங்குகளின் மூட்டுக்களை எடுத்து உராய்வை அளந்தார். இயற்கை மூட்டு பனிக்கட்டியின்மேற் பனிக்கட்டி வழுக்குவதினும் எளிதாக வழுக்குகின்றது எனக் கண்டார். ஆதலின் பந்து சிறிதாகவும் கிண்ணம் வழுக்கும் பொருளாகவும் இருத்தல்வேண்டும் எனத் துணிந்து, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுப் பந்தும் டெப்லான் கிண்ணமும் அமைத்தார். க்ஷயரோகிகளுக்கென நடத்தப்பெற்று வந்த ரைட்டிங்டன் மருத்துவமனையே அவர் ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று.

பற்று என்னும் இடரை அவர் வென்ற வகை நம் ஊர்க் கொத்தனார்க்கு எளிதில் விளங்கும். கதவு நிலையைச் சுவரில் நிறுத்துவோன் ஆணியை மட்டும் நம்புவதில்லை. நிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளியைச் சாந்தினால் நிறைக்கின்றான். சாந்து அங்கே ஒட்டும் பசையன்று. பாரத்தைச் சுவர் முழுதிற்கும் பகிர்ந்து கொடுக்கும் நிரப்புப் பொருள். மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டெனிஸ் ஸ்மித் என்பாரின் அறிவுரையால், பல்வைத்தியர் வழங்கிய அக்ரிலிக்கைச் சார்ன்லி எலும்புச் சாந்தாக ஆண்டார். தொடையெலும்பின் குடைவில் அச்சாந்தை இட்டு, எஃகுத் தண்டைச் செருகினார். திருகாணியாற் சில புள்ளிகளில் மட்டும் விழுந்த பாரம் எலும்பின் உட்புறம் முழுதும் பரவி விழுந்தது. 1960-இல் இதனை அவர் எழுதி வெளியிட்டார்.

இதுவரை கூறியது அறிவின் வரலாறு. இனிக் கூறுவது அதனினும் அரிய நேர்மையின் வரலாறு. டெப்லான் கிண்ணம் வைக்கப்பெற்றோர் ஏறத்தாழ 300 பேர். சிகிச்சை முடிந்தவுடன் வலி நீங்கி நடந்தோரைக் கண்டு உலகம் வியந்தது. 1961-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. சார்ன்லி அவ்வளவில் நின்றிருப்பின், புகழோடு நின்றிருப்பார். ஆனால், அவர் பிணியாளரைத் திரும்பத் திரும்ப வரவழைத்து நிழற்படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு மூன்றாண்டிற்குள் டெப்லான் தேய்ந்தது; தேய்ந்த துகள்கள் சூழ்ந்த தசையிற் கட்டியாகத் திரண்டன; எலும்பு கரைந்தது. தாம் வைத்தவற்றைத் தாமே எடுக்கும் துன்பத்தை அவர் பிறர் தலையிற் கட்டவில்லை. டெப்லான் துண்டைத் தம் தொடையிலேயே வைத்துக்கொண்டு, உடம்பு அதனை எங்ஙனம் ஏற்கின்றது எனச் சோதித்து, அம்முடிவை 1963-இல் வெளியிட்டார். தோல்வியை மறைக்காது எழுதியமையே பின்வந்த வெற்றிக்கு வித்தாயிற்று.

வெற்றி வந்த வழியும் நோக்கத்தக்கது. லங்காஷயரின் நெசவுத் தறிகளுக்குப் பற்சக்கரம் விற்க வந்த ஒருவர், பாலிஎதிலீன் என்னும் பொருளின் துண்டொன்றைக் காட்டினார். சார்ன்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்து, பயனில்லை எனப் புறக்கணித்தார். அவரிடத்துப் பணிபுரிந்த ஹாரி கிரேவன் என்னும் யந்திரத் தொழிலாளரோ, ஆசிரியர் வெளிநாடு சென்றிருந்த காலத்து அதனைத் தேய்க்கும் பொறியில் வைத்தார். டெப்லான் ஒரு நாளிற் தேய்ந்த அளவும் அது மூன்று வாரத்திற் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி கணக்கைக் கண்டார். தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1962-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அப்பொருளாலான கிண்ணம் முதன்முதலாக வைக்கப்பெற்றது. சின்னாளப்பட்டியிலும் மதுரையிலும் தறியொலி கேட்டு வளர்ந்த நம் மாணவர், தறிக்கு உதவிய பொருளொன்று கோடிக்கணக்கானோர் நடைக்கும் உதவியது என்பதை அறிந்து மகிழ்வாராக. தொழிலாளி ஒருவர் எடுத்த அளவு, தலைமை வைத்தியர் கருத்தை வென்றது என்பதையும் மறவாதிருப்பாராக.

ஒருமுறை சுட்டுக்கொண்ட சார்ன்லி, புதிய கிண்ணத்தை உடனே உலகிற்கு விற்க விடவில்லை. பல்லாண்டு தம்மிடத்திலேயே வைத்துச் சோதித்தார். ரைட்டிங்டனுக்கு வந்து பயின்றார்க்கே வழங்கச் செய்தார். சீழ்பிடித்தலைத் தடுக்கத் தூய காற்று வீசும் தனியறை அமைத்து, 100-க்கு 7 வரை இருந்த அக்கேட்டை 1-க்கும் கீழ்க் கொணர்ந்தார். தாம் இறந்தபின் அம்மூட்டை எடுத்து ஆராயலாம் எனப் பிணியாளர் பலரிடம் இசைவு பெற்றார். இறந்தோர் உடம்பிலிருந்து கிடைத்த மூட்டுக்கள் உயிரோடிருப்போர்க்கு வழிகாட்டின. 1977-இல் சர் பட்டம் பெற்று, 1982-இல் மறைந்தார். இச்சிகிச்சையை நூற்றாண்டின் தலைசிறந்த இரண சிகிச்சை என 2007-இல் அதே லான்செட் இதழ் பாராட்டிற்று.

தனி மனிதர் ஒருவரின் கணக்கு இத்துணை செய்யுமாயின், ஒரு நாட்டின் கணக்கு எத்துணை செய்யும்? சுவீடன் தேசம் 1979-இல் இடுப்பு மூட்டுப் பதிவேட்டைத் தொடங்கிற்று. நார்வே 1987-இல் தொடர்ந்தது. பதிவேட்டின் முறை எளிது. மூட்டு வைக்கப்பெற்றவர் யார், எந்நாள், எத்தொழிற்சாலையின் எவ்வெண்ணுடைய மூட்டு என்பன எழுதப்பெறும். அவருக்கு மறு சிகிச்சை நேரின், நாட்டின் எந்த மருத்துவமனையில் நேரினும், அதுவும் அதே பெயரின்கீழ் எழுதப்பெறும். இவ்விரு வரிகளே போதும். எம்மூட்டு நின்றது, எம்மூட்டு வீழ்ந்தது என்பது சில ஆண்டுகளில் தானே தெரியும். புதியதென விளம்பரம் பெற்ற போன்லாக் என்னும் எலும்புச் சாந்து பழைய சாந்தினும் விரைவிற் தளர்கின்றது என்பதை நார்வேப் பதிவேடு காட்டிற்று. 1995-இல் அது விலக்கப்பெற்றது.

பற்றைக் குறித்து மற்றொரு செய்தியும் கூறத்தகும். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்து ராபின் லிங் என்னும் வைத்தியரும் கிளைவ் லீ என்னும் பொறியியலறிஞரும் 1970-இல் பளபளப்பாகத் தீட்டிய, கீழ்நோக்கிக் கூம்பிய தண்டு ஒன்றை அமைத்தனர். 1976-இல் அதன் புறம் சொரசொரப்பாக மாற்றப்பெற்றது. சொரசொரப்பு நன்கு பற்றும் என்றே எவரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். பிணியாளரைத் தொடர்ந்து நோக்கிய கணக்கு அதனை மறுத்தது. சொரசொரத்த தண்டே மிகுதியாகத் தளர்ந்தது. பளபளத்த தண்டு கோடரிக் காம்பில் அடித்த ஆப்பைப் போலப் பாரம் விழுந்தோறும் சிறிது இறங்கி மேலும் இறுகுகின்றது. சொரசொரத்ததோ சிறு அசைவிலும் சாந்தை அராவித் துகளாக்குகின்றது. 1986-இல் பழைய பளபளப்பிற்கே மீண்டனர். அறிவு ஊகித்ததை அனுபவம் மறுக்கும். ஆனால், எழுதிவைக்கப்பெறாத அனுபவம் எதனையும் மறுக்க மாட்டாது.

இவையெல்லாம் மேல்நாட்டார் செய்கை, நம்மவர் செய்தது யாது எனச் சிலர் வினவலாம். நம்மவரும் வாளா இருந்திலர். சென்னையின் எலும்பு வைத்தியப் பேராசிரியர் த. க. சண்முகசுந்தரம் அவர்கள், க்ஷயத்தாற் கெட்ட இடுப்பு மூட்டின் நிழற்படங்களை ஆராய்ந்து, அவற்றை ஏழு வகையாகப் பகுத்து 1983-இல் வெளியிட்டார். உரலும் உலக்கையும் போல் மாறிய மூட்டும் அவ்வகைகளுள் ஒன்று. அப்பகுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பல்லாண்டு நிழற்படங்களைப் பாதுகாத்து ஒப்பிட்டாலன்றி அத்தகைய பகுப்புச் செய்தல் இயலாது. அதுவும் கணக்கேட்டின் பயனே. சென்னையிலேயே, மயில்வாகனன் நடராசன் அவர்கள் 1988-ஆம் ஆண்டு தொடங்கி, எலும்பிற் கட்டி தோன்றிக் காலை வெட்டவேண்டிய நிலையிலிருந்தோர்க்கு, அவரவர் அளவிற்கேற்ப நம் நாட்டிலேயே செய்த பெரிய செயற்கை எலும்பும் மூட்டும் வைத்துக் காலைக் காத்து வந்தார். தம் பிணியாளரின் வெற்றியோடு, சீழ்பிடித்தல், தளர்தல் முதலிய கேடுகளையும் எண்ணிக்கையிட்டு வெளிநாட்டு இதழ்களில் வெளியிட்டார். 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழர் பலர் சென்று வாழ்ந்த பருமா தேசத்திலும் ஒரு சான்று உண்டு. மாண்டலே நகரத்துச் சான் பா என்னும் வைத்தியர், பொருந்தாது போன தொடைக்கழுத்து முறிவிற்கு 1960 முதல் யானைத் தந்தத்தாற் செய்த பந்துகளை வைத்தார். உலோக மூட்டு விலைமிகுந்த நாட்டில், கைவினைஞர் கடைந்தளித்த தந்தம் அவருக்குத் துணையாயிற்று. அவர் பிணியாளர் தரையிற் குந்தினர், மிதிவண்டி ஓட்டினர். 1969-இல் இலண்டன் மாநகரில் அம்முடிவுகளை அறிஞர் முன் வைத்து, 100-க்கு 88 பேர்க்கு நலம் விளைந்தது எனக் காட்டினார். ஏழை நாட்டு வைத்தியர் ஒருவரின் சொல்லை அறிஞர் அவை செவிமடுத்தது எதனால்? தந்தத்தின் புதுமையால் மட்டுமன்று; அவர் கையில் எண்ணிக்கை இருந்தமையால்.

நம் நாட்டின் தேவை மேல்நாட்டாரின் தேவையோடு முற்றும் ஒத்ததன்று. ஆங்கே இச்சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் மூட்டுத் தேய்ந்த முதியோர். ஈண்டோ, இரத்த ஓட்டம் குன்றிப் பந்து மடிந்துபோன இளைஞரும், முறிவு கவனிக்கப்படாது மாதக்கணக்கிற் கிடந்தோரும், க்ஷயத்தால் மூட்டுக் கெட்டோரும் மிகுதி. முப்பது வயதில் மூட்டு வைக்கப்பெற்றவன் அதன்மேல் நாற்பதாண்டு நடக்கவேண்டும். நாம் தரையிற் சம்மணமிட்டு உண்கின்றோம்; குந்தி நாற்று நடுகின்றோம்; குந்தியே காலைக்கடன் கழிக்கின்றோம். மூட்டு வைக்கப்பெற்றோர் பலர்க்கு, பந்து நழுவும் என்னும் அச்சத்தால், இவை விலக்கப்படுகின்றன. வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் கூலிவேலை செய்வோன் குந்தாமல் எங்ஙனம் பிழைப்பான்? அவன் மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்குச் சுவீடன் தேசத்துக் கணக்கேடு விடை தாராது. நம் உடம்பிற்கு நம் கணக்கே வேண்டும்.

அக்கணக்கு இன்மையால் விளைந்த கேட்டினையும் கூறாதிருத்தல் தகாது. டிப்யூ என்னும் நிறுவனம் விற்ற ஏ. எஸ். ஆர். என்னும் இடுப்பு மூட்டு, உலோகத்தோடு உலோகம் உராயும் வகையினது. அது விரைவிற் பழுதுறுவதை ஆஸ்திரேலிய தேசத்துப் பதிவேடு முன்னரே காட்டிற்று. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உலகெங்கணும் அது திரும்பப் பெறப்பட்டது. உராய்வினாற் பிரிந்த உலோகத் துகள் தசையைக் கெடுத்தலும் இரத்தத்திற் கலத்தலும் அதன் தீங்கு. நம் நாட்டில் அம்மூட்டு வைக்கப்பெற்ற சிகிச்சைகள் ஏறத்தாழ 4,700. மத்திய அரசினர் 2017-இல் அமைத்த அறிஞர் குழு ஆராய்ந்தபோது, அப்பிணியாளருட் பெரும்பாலோர் எங்குளர் என்றே கண்டறிய இயலவில்லை. பழுதுள்ள பொருள் உடம்பினுள் இருக்க, அதனை அறியாமலும் அறிவிக்கப்படாமலும் ஒருவர் உலவுகின்றார் என்பது எத்துணைக் கொடிது! வண்டி மாட்டிற்கும் உரியவன் பெயர் எழுதி வைக்கும் நாட்டில், மனிதன் இடுப்பில் வைத்த உலோகத்திற்கு முகவரியில்லை.

இதற்கு மாறாக, கணக்கு வைத்த தேசங்கள் கூறும் விடையைக் காண்மின். 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இடுப்பு மூட்டுக்களில் 100-க்கு 58 இருபத்தைந்து ஆண்டு நிற்கின்றன எனக் கணித்தது. ஆஸ்திரேலியா, பின்லாந்து ஆகிய இரு தேசங்களின் பதிவேடுகளே அக்கணிப்பிற்கு ஆதாரம். ஆண்டுதோறும் பல்லாயிரவர்க்கு மூட்டு வைக்கும் நம் தேசம் அவ்விடைக்கு ஒரு வரியும் அளித்திலது.

ஈண்டுச் சில தடைகள் எழும். நம் அரசினர் மருத்துவமனைகளில் வரிசை நீளும். வைத்தியர்க்கு உண்ணவும் பொழுதில்லை. எழுதுவதற்குப் பொழுது எங்கே என்பர் சிலர். இது மெய்யே. ஆயினும் யாம் வேண்டுவது நீண்ட கட்டுரையன்று. ஒரு பிணியாளர்க்கு இரண்டு வரி. பணம் பெறுதற்காகக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு சிகிச்சையும் இப்போதே பதியப்படுகின்றது. அப்பதிவோடு மூட்டின் பெயரையும் எண்ணையும் சேர்த்து, மறு சிகிச்சை நேர்ந்தால் முந்தைய பதிவோடு இணைப்பதே குறைந்த வேலை. மூட்டு வைத்தியர் சங்கத்தார் நம் நாட்டில் ஒரு பதிவேட்டைத் தாமாக முன்வந்து நடத்திவருகின்றனர். அவர்கள் முயற்சி பாராட்டற்குரியது. ஆனால், விரும்பினோர் மட்டும் எழுதும் ஏட்டில், எழுத விரும்பாத தோல்விகளே விடுபடும். ஆதலின் அது கட்டாயமாதல் வேண்டும். அரசினர் பணத்தால் நிகழும் சிகிச்சைகளிலிருந்தேனும் அது தொடங்குதல் வேண்டும்.

ஏழைப் பிணியாளர் நலமுற்றபின் திரும்பி வாரார். ஆதலின் கணக்குக் கிட்டாது என்பர் வேறு சிலர். வாராமைக்குக் காரணம் அறியாமை என்று எளிதிற் கூறிவிடுகின்றோம். வத்தலக்குண்டிலிருந்து மதுரைக்குச் சென்று வர ஒரு நாட் கூலி போம். துணைக்கு வருபவர் கூலியும் போம். வலியில்லாதபோது ஏன் வரச்சொல்லுகின்றனர் என்பதை அவருக்கு எடுத்துரைத்தார் இல்லை. எலும்பு கரைவது தொடக்கத்தில் வலியின்றியே நிகழும் என்பதையும், அந்நிலையிற் கண்டால் மறு சிகிச்சை எளிது, பிந்தினால் எலும்பே எஞ்சாது என்பதையும் விளங்கச் சொன்னால் வாராதார் சிலரே. அன்றியும், பிணியாளர் மருத்துவமனையை நாடி வருதல் ஒன்றே வழியன்று. ஊர்தோறும் ஆரம்பச் சுகாதார நிலையம் உண்டு. நிழற்படம் அண்மையில் எடுத்து அதனைத் தொலைவிலுள்ள வைத்தியர்க்கு நொடியில் அனுப்பும் காலம் இது.

தோல்வி வெளியாயின் வைத்தியர் மதிப்புக் குன்றும் என்பது வெளிப்படக் கூறப்படாத மூன்றாவது தடை. இதுவே ஏனைய இரண்டினும் வலிது என எண்ணுகின்றோம். இதற்கு விடை சார்ன்லியின் வாழ்க்கை. ஏறத்தாழ 300 பேர்க்கு வைத்த டெப்லான் பயனிழந்தது என்று அவரே எழுதினார். அதனால் அவர் பெயர் அழிந்ததோ? அதனாலேயே அவர் அடுத்துக் கூறியதை உலகம் நம்பிற்று. தன் வெற்றியை மட்டும் உரைப்பவன் வணிகன்; தோல்வியையும் உடனுரைப்பவனே ஆராய்ச்சியாளன்.

இனி, நம் கல்லூரியாரை நோக்கிச் சில சொல்லி அமைவோம். நம் மாணவருள் மருத்துவராகப் போவோர் சிலரே. எனினும் இப்பணி மருத்துவர் ஒருவரால் ஆவதன்று. தேய்வை அளக்கப் பௌதிகம் கற்றவர் வேண்டும். உலோகத்தையும் நெகிழ்பொருளையும் ஆராய இரசாயனம் கற்றவர் வேண்டும். நின்றவை இத்தனை, வீழ்ந்தவை இத்தனை எனக் கணிக்கக் கணிதம் கற்றவர் வேண்டும். ஏழையின் நாட்கூலியை அறிந்து திட்டம் வகுக்கப் பொருளாதாரம் கற்றவர் வேண்டும். பிணியாளர்க்கு அவர் மொழியில் எழுதித்தரத் தமிழ் கற்றவரும் வேண்டும். கிரேவன் பட்டதாரியல்லர், அளந்து பார்த்தார், அவ்வளவே. பழைய மாணவராய் மருத்துவமனைகளில் விளங்கும் அன்பர்கள், தம்மிடம் மூட்டு வைக்கப்பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும், மூட்டின் பெயர், தொழிற்சாலை, எண், வைத்த நாள் ஆகியவை தமிழில் எழுதிய சிறு அட்டையொன்று கொடுத்தனுப்புதலை இன்றே தொடங்கலாம். அதற்கு எவருடைய உத்தரவும் வேண்டா. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் தெருவில் மூட்டு வைக்கப்பெற்றோர் உளராயின், அவ்வட்டை உளதா என வினவலாம். இலதாயின் மருத்துவமனையிலிருந்து சிகிச்சைக் குறிப்பைக் கேட்டுப் பெறத் துணைசெய்யலாம். ஆண்டுக்கொருமுறை நிழற்படம் எடுத்துக்கொள்ள நினைவூட்டலாம்.

முறிந்த இடுப்போடு கட்டிலிற் கிடந்த முதியவள் எழுந்து நடந்தாள் எனக் கேட்கும்போது நாம் மகிழ்கின்றோம். அவள் பத்தாண்டு கழித்தும் நடக்கின்றாளா என்று கேட்டறிந்து எழுதிவைப்போர் எவரேனும் இருத்தல் வேண்டும். முன்னதற்குக் கைத்திறன் போதும்; பின்னதற்குப் பொறுமையும் உண்மையும் வேண்டும். அவ்விரண்டனையும் தம் மாணவர்க்கு ஊட்டுவதே கல்லூரிக்கு அழகு என்பது எம் கருத்து.